சங்கத்து விதியும் என் மூன்று தையல் மெஷினும்

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு காலனியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். என் வீட்டுக்காரர் அப்போது சவூதியில் வேலையில் இருந்தார். நான் பத்தமடைக்காரி. தையல் தெரியும். முன்னறையில் மூன்று மெஷின் போட்டு, பெண்களுக்கு ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கச் சொல்லிக்கொடுத்தேன். பொழுதுபோகாமல் செய்த காரியமில்லை. இங்கே ஒரு வருமானம் நிலைத்தால்தான் அவர் ஊரோடு வந்துசேர முடியும். என் ஆசையெல்லாம் அந்த மூன்று மெஷின் மேல்தான் இருந்தது.

காலனியில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற அதிகாரிகள். பென்ஷன் வாங்கும் காலத்திலும் நாலு வரி ஃபைல் எழுதாவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்து, விதிகள் எழுதி, அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு விதியும் 'அரசு மற்றும் உள்ளாட்சிச் சட்டங்களுக்கு உட்பட்டு' என்றுதான் தொடங்கும். அந்த வார்த்தை இல்லாமல் எதையும் எழுத அவர்களுக்குக் கை வராது. எங்கள் காலனியில் மொட்டைமாடியில் துணி காயப்போடுவதுகூடச் சட்டத்துக்கு உட்பட்டுத்தான்.

எதிர்வீட்டு அண்ணாச்சி ஓய்வுபெற்ற தாசில்தார். அவர்தான் செயலாளர், விதிகளை எழுதியவரும் அவர்தான். ஒருநாள் காலையில் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"வீட்டுல தொழில் நடத்தக் கூடாதுன்னு விதி இருக்குல்லாம்மா. பைய நிறுத்திருங்க. இல்லன்னா சங்கத் தொட்டியிலருந்து தண்ணி வராது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஒங்க வீட்டு மாடில மருமக டியூஷன் எடுக்குதாளே, அது என்ன அண்ணாச்சி, தானதர்மமா?"

"அது கல்வி."

"இதுவும் கல்விதான். அங்க கணக்கு, இங்க காஜா."

அவர் விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போய்விட்டார். வாய் பேசிவிட்டேன், சரி. தண்ணீரை அடைத்துவிட்டால் எத்தனை நாள் வீம்பு பிடிக்க முடியும்? விதிப்புத்தகத்தை எடுத்து அந்த விதியைப் படித்தேன். அதுவும் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருந்தது. அப்படியானால் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டால் என்ன? பர்தாவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

வரைபடங்களுக்கு நடுவில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க குடியிருக்கிற வீட்டுல, ஒரு ரூம்ல தையல் மாதிரி சின்னத் தொழில் செய்யலாம்மா. சட்டம் தடுக்கல. ஒங்க சங்கம் கேக்கலாம், கண்டிக்கலாம், வேணும்னா உறுப்பினர் இல்லன்னு நீக்கலாம். தண்ணிய அடைக்க அதுக்கு அதிகாரம் கிடையாது. ஒங்க தொட்டிக்கு ஆத்துத் தண்ணி கொடுக்குதது மாநகராட்சி."

எழுந்து கிளம்பும்போது, "வாசல்ல கூரை ஏதும் போட்ருக்கீங்களா?" என்றார்.

பெருமையாகச் சொன்னேன். தையல் படிக்க வந்து காத்திருக்கும் பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாதென்று, வாறுகால் சாக்கடையைத் தாண்டி ரோடு வரைக்கும் தகரம் போட்டிருந்தேன்.

"அதை எடுத்திரணும். ரோடு காலனிக்குச் சொந்தமில்ல, மாநகராட்சிக்கு எழுதிக்கொடுத்தாச்சு."

சட்டத்தைத் துணைக்குக் கூப்பிடப் போனேன். அது என் தகரத்தையும் பிடுங்கிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சங்கக் கூட்டம். பெண்பிள்ளை என்று நான் ஒருத்திதான். அதிகாரி சொன்னதைச் சொல்லிவிட்டு, "அந்த விதியோட முதல் வார்த்தைய நீங்களே வாசிங்க அண்ணாச்சி" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நிறுத்தினார். முகம் சுருங்கிவிட்டது.

"அது நாம சும்மா வழக்கத்துல போட்டதுல்லா?" என்றார் ஒருவர்.

அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பினார். "எழுதினது எழுதினதுதான் வே. சட்டம் செய்யலாம்னு சொல்லுதத நாம கூடாதுன்னு சொல்ல முடியாது. தண்ணியில கை வைக்கவும் முடியாது." பிறகு என்னைப் பார்த்து, "அப்ப அந்தத் தகரம்?" என்றார்.

"நாளைக்கே இறக்கிருதேன்."

அந்த மனிதர்மேல் அன்றுதான் எனக்கு மரியாதை வந்தது. அவர் எழுதிய விதி அவரையே மடக்கியபோதும் அதைப் பார்க்காததுபோல அவர் நடிக்கவில்லை.

சொன்னபடி தகரத்தை இறக்கினேன். சித்திரை வெயில். அடுத்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் நின்றார்கள். உள்ளே இடமில்லை. இப்படியே போனால் நாலு நாளில் எல்லாரும் நின்றுவிடுவார்கள் என்று மனசு அடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுக் கேட் திறந்தது. அண்ணாச்சி வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் இங்கன வந்து உக்காருங்கம்மா" என்றார். நான் பார்ப்பதைக் கண்டதும் கொஞ்சம் விறைத்துக்கொண்டார். "நிழல்ல உக்காரக் கூடாதுன்னு நான் விதி ஒண்ணும் எழுதல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று மதியமே போன் பூத்துக்குப் போய்ச் சவூதிக்குப் பேசினேன்.

"ஏங்க, பொறப்பட்டு வாங்க" என்றேன். "இங்கன நமக்கு இடம் கெடச்சிட்டு."