பெடஸ்டல் ஃபேன்ல வந்த கொண்டல்

திருவிழா நாடகம் எழுதுதது லேசான வேலைதான். எழுதினதை ஊர் கமிட்டிகிட்ட வாசிச்சுக் காட்டுததுதான் பாடு. மேடைக்குன்னு நீங்களும் ஏதாவது எழுதினவுகன்னா, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. நம்ம எல்லாருக்கும் ஒரே வியாதிதான்.

ஹீரோ எங்க?

எங்க ஊர் புன்னைக்காயல் பக்கம். நான் எழுதின கதை இதான்: கடலுக்குப் போன புருசன் மூணு நாளா வரல. பொண்டாட்டி தெனமும் தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்து கரையில காத்துக் கெடக்கா. கடைசி சீன்ல அவன் வெறுங்கையோட வாரான். "சோறு ஆறிட்டு"ன்னு மட்டும் சொல்லுதா. அவன் உக்காந்து திங்கான். அவ்வளவுதான்.

போன வருசம் நாடகம் பாதியில சனம் எந்திரிச்சுப் போயிட்டு. இந்த வருசமும் போனா இனிமே நாடகமே கெடையாது, கச்சேரிதான்னு முடிவு. கமிட்டிச் செயலாளர் அந்தோணி அண்ணாச்சி வார சினிமா ஒண்ணு விடாமப் பாக்குத ஆளு. முழுசும் கேட்டுட்டு அவர் சொன்னது: "ஹீரோ கடைசியிலதான் வாரான்னா, அதுவரைக்கும் சனம் யாருக்குவே விசிலடிக்கும்?"

ஒரே வரி

பயந்துட்டேன். மொத சீன்லயே ஹீரோ என்ட்ரி, நடுவுல ஒரு பிளாஷ்பேக், புதுசா ஒரு வில்லன். சோத்து சீனுக்குப் பொறவு செத்த வில்லன் எந்திரிச்சுச் சிரிக்கான், ரெண்டாம் பாகத்துக்கு லீடாம். கேட்டதெல்லாம் எழுதிக் கொடுத்தேன். சோத்து சீன்ல மட்டும் கைவைக்க விடல.

ஐஸ் வண்டி ஓட்டுத ரோச்தான் ஹீரோ. பொண்டாட்டி "சோறு ஆறிட்டு"ன்னதும் தனக்கொரு பஞ்ச் டயலாக் வேணும்னு ரிகர்சல்ல ஒத்தக்கால்ல நின்னான். பொண்டாட்டியா நடிச்ச ஜெசிந்தா அக்கா மீன் ஏலம் கூறுதவுக, அவுக கொரலுக்கு மைக்கே வேண்டாம். "எங்க வீட்டுக்காரர் இன்ஜின் நின்னுபோயி ரெண்டு நாள் கழிச்சுக் கரையேறினப்ப நானும் இதத்தாம்ல சொன்னேன். அவரு பஞ்சா பேசினாரு? தின்னாரு."

என்ட்ரி

திருவிழா அன்னைக்கு மேடையில இடது பக்கம் படுதாவுல கடல். வலது பக்கம் அண்ணாச்சி ஏற்பாட்டுல பெடஸ்டல் ஃபேன், முழு வேகத்துல. ரோச் விக்கு மாட்டி, கடல்லேருந்து மெதுவா நடந்து வந்து, "கொண்டல் காத்தே, நான் வந்துட்டேன்!"னு கையைத் தூக்கினான். முடி ஜம்முன்னு பின்னால பறந்துச்சு.

கீழ இருந்ததெல்லாம் கடலுக்குப் போற ஆளுக. மொத வரிசையில சிலுவை மாமா எந்திரிச்சுட்டார். அண்ணாச்சி ஓடிப்போய் ஃபேனைக் கடல் பக்கம் மாத்தி வச்சார். முடி மொத்தமும் ரோச் வாயில. ஆனா மாமா கேட்டது அதுக்கு முந்தியே மைதானம் பூரா கேட்டுட்டு: "ஏலே, கொண்டல் கடல்லேருந்துல்லா வரும்! ஒன் முடி கடலைப் பாத்துப் பறக்கு, நீ எந்த ஊர்க்காரன்ல?"

சோறு

அதுக்குப் பொறவு பிளாஷ்பேக்குக்கும் சிரிப்பு, வில்லன் செத்ததுக்கும் சிரிப்பு. பின்வரிசையில பாயைச் சுருட்ட ஆரம்பிச்சுட்டாவ. கச்சேரிதான்னு நானும் முடிவு பண்ணிட்டேன்.

ஜெசிந்தா அக்கா தூக்குச்சட்டி மூடியத் தொறந்தாவ. ஏலக் கொரல் எங்க போச்சோ, மெதுவா, "சோறு ஆறிட்டு." ரோச் உக்காந்து திங்க ஆரம்பிச்சான். ஒரு விசில் இல்ல. "வில்லனை மேடைக்கு விடும்வே!"ன்னு அண்ணாச்சி பதறுதார். நான் வில்லன் சட்டையப் பின்னாலேருந்து புடிச்சுக்கிட்டேன், விடல. "போச்சு, திரையப் போடுங்கல"ன்னு அவர் கத்தவும், திரை அசையவும், கீழேருந்து சிலுவை மாமா: "ஏலே, திரையப் போட்டுராத. அவன் தின்னு முடிக்கட்டும்."

அடுத்த வருசமும் நாடகம்தான்னு கமிட்டி சொல்லிட்டு. இப்ப சோத்து சீனுக்குத்தான் மவுசாம், அதனால மூணு எடத்துலயாவது சோறு வரணுமாம்.