கால் முளைத்த கேரட்

மகன் வீட்டுக் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கொஞ்சம் மண் கிடந்தது. மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில் இந்த வீட்டைக் கட்டியபோது சிமெண்டு படாமல் தப்பிய இடம் அது ஒன்றுதான். ஐப்பசி மழையில் அது சேறானதும் மகன் சொன்னான். "தை கழியட்டும். கொத்தனாரக் கூப்பிட்டு இதையும் பூசிருவோம்."

எனக்கு அந்த மண் வேண்டும். வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொந்த வீட்டு ஆட்களிடம்கூட இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. வெறும் மண்ணாகக் கிடந்தால்தானே பூசுவான், ஏதாவது முளைத்து நின்றால் யோசிப்பான் என்று நினைத்துக்கொண்டேன். மருமகள் கீரை விதையோடு வாங்கிய கேரட் விதைப் பொட்டலம் ஒன்று அடுப்படியில் பிரிக்காமல் கிடந்தது. கார்த்திகை பிறந்ததும் அதை எடுத்தேன்.

விதை சீரகத்தைவிடப் பொடிசு. கோடு கீறி, மணலில் கலந்து தூவியும் நெருக்கமாக விழுந்துவிட்டது. மல்லித்தழை போல அடர்ந்து வந்ததும், மருமகள் செல்போனைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை, பாதியப் பிடுங்கிப் போட்டுரணுமாம். அப்பத்தான் கிழங்கு இறங்குமாம்."

பிடுங்கினேன். போடத்தான் மனம் வரவில்லை. நெல்லோ மிளகாயோ, நாற்றைப் பிடுங்குவது நடுவதற்குத்தான் என்று பழகிய கை இது. பிடுங்கியதையெல்லாம் பக்கத்திலேயே இன்னொரு வரிசையாக நட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் வாடிக் கிடந்தவை, பிறகு ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொத்தனார் டேப்போடு வந்துவிட்டார்.

"என்னண்ணே, மல்லியா?" என்று மகனிடம் கேட்டார்.

"கேரட்டாம். அம்மா போட்டுருக்கு."

"மதுரையில கேரட்டா? ஏம்மா, கொடைக்கானல் குளிர எதுல பிடிச்சுட்டு வந்தீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன். நான் எடுத்து நட்ட வரிசை அது. கேரட் இரண்டு காலாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு வந்தது. அடுத்ததற்கு மூன்று கால்.

"அத்தை, இதுகளுக்கு டவுசர் தைக்கணும் போல" என்று மருமகள் சிரித்தாள். "பிடுங்குனத மறுபடி நட்டீங்களாக்கும். வேர் மடங்கிருச்சு."

மகனும் சிரித்தான். விதைத்த இடத்திலேயே நின்ற வரிசையில் ஒன்றை அவனே இழுத்தான். விரல் நீளத்துக்கு நேராக வந்தது. குழாயில் கழுவிக் கடித்துவிட்டு, மீதியை ஒடித்துக் கொத்தனாரிடம் கொடுத்தான்.

"இனிக்கத்தான் செய்யுது" என்றார் அவர். மென்றுகொண்டே டேப்பை இழுத்தார். "அப்ப மிச்சத்தையும் பறிச்சுட்டீங்கன்னா நாளைக்கே வேலைய ஆரம்பிச்சுரலாம்."

இனிமேலும் பேசாமல் இருக்க முடியாது. யார் முகத்தையும் பார்க்காமல், துவைக்கிற கல்லைப் பார்த்துச் சொன்னேன்.

"இது மண்ணாவே இருக்கட்டுமேய்யா."

மகன் மெல்லுவதை நிறுத்தினான்.

"எம்மா, ஒனக்கு வழுக்கிருமேன்னுதான நான் பூசச் சொன்னேன். வேணாம்னா ஐப்பசியிலயே சொல்ல வேண்டியதுதான?"

"நீ கேக்கலையே."

"நல்லாச் சொன்ன போ" என்றவன், கொத்தனார் பக்கம் திரும்பி, கல்லைச் சுற்றி ஆள் நிற்கிற இடம் மட்டும் பூசினால் போதும் என்றான்.

கொத்தனார் ஆணி அடித்து நூல் கட்டினார். நூல் கேரட் வரிசையை உரசிக்கொண்டு போனது.

"இன்னும் ஒரு சாண் அங்கிட்டுத் தள்ளிக் கட்டுங்க தம்பி" என்றேன்.