லா லீனியாவில் ஒரு மண் கூஜா

ஜிப்ரால்டர் எல்லையைத் தாண்டி ஸ்பெயினின் லா லீனியாவுக்குள் போனால், ஒரு வேளைச் சாப்பாட்டை நாலு கடையில் நின்றபடியே முடிக்கிற மனிதர்களைப் பார்க்கலாம். ஒயின் கோப்பைக்கு மேல் ஒரு சின்னத் தட்டு. அதில் இரண்டு ஆலிவ் காயோ பொரித்த மீனில் ஒரு துண்டோ இருக்கும். அதற்குத் 'தாபா' என்று பெயர். கொட்டையைத் தரையிலேயே துப்பலாம். தரையில் குப்பை அதிகமிருந்தால் நல்ல கடையாம். முதல் கடையிலேயே வயிறு நிறையத் தின்னப் பார்த்த என்னை, ஜிப்ரால்டரில் நாங்கள் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கும் அந்தோனியோ, "வாமோஸ், வாமோஸ்", போகலாம் போகலாம் என்று சட்டையைப் பிடித்து இழுத்துப் போனான். விருந்துக்கு அழைத்துவிட்டுப் பாதியில் கிளப்புகிறானே என்று கோபம் வந்தது. மூன்றாவது கடையில் பூண்டு போட்டு வதக்கிய இறாலைத் தின்றதும் கோபம் போய்விட்டது.

நல்லசாமியும் எங்களோடு வந்திருந்தார். நானும் அவரும் மோகனூர்ப் பக்கம் ஒரே ஊர். இங்கே ஒரே கடை, ஒரே வேலை. ஊரில் அவர் பண்ணைக்காரர் மகன், நான் அந்தப் பண்ணையில் ஏர் ஓட்டியவர் மகன். அவர் வீட்டில் எனக்குத் தாகமென்றால் வாசலுக்கு வெளியே குனிந்து கைகளைக் குவிக்க வேண்டும். செம்பு மேலேயிருந்து சாயும். செவ்வாய்ப்பேட்டையில் துணி மூட்டை சுமந்தபோதும் எனக்கு அதே கதைதான். கப்பல் ஏறிய பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசியதேயில்லை.

நாலாவது கடையில் புழுக்கம் தாங்காமல் தண்ணீர் கேட்டோம். கடைக்காரர் மூக்கு வைத்த வெள்ளை மண் கூஜாவைக் கொடுத்தார். 'பொத்திஹோ' என்றார். எல்லோருக்கும் அது ஒன்றுதான். அண்ணாந்து, உதடு படாமல் குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்கிறார்கள். நல்லசாமி குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கூஜாவைச் சாய்த்தார். நான் குனிந்து கையைக் குவித்தேன். இருவருமே யோசித்துச் செய்யவில்லை, பழக்கம் அப்படி.

கை கழுவுகிறேன் என்று நினைத்து அந்தோனியோ துண்டை நீட்டினான். நல்லசாமியின் முகம் சுண்டிப்போயிற்று.

நான் நிமிர்ந்தேன். "கூஜாவக் கையில குடுங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை கடல் தாண்ட வேண்டியிருந்தது.

"இந்தா, புடி மாரப்பா" என்று நல்லசாமி நீட்டினார்.

எங்கள் வீட்டிலும் அண்ணாந்து குடித்துத்தான் வளர்ந்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்நியன் சட்டையை நனைத்துக்கொள்வான் என்று காத்திருந்தவர்கள் "ஓலே!" என்று கத்தினார்கள். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நிமிஷம் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கூஜாவை நல்லசாமியிடமே நீட்டினேன். "இன்னொரு வாய் குடிங்க."

தாகமில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் வாங்கி அண்ணாந்தார். அவசரத்தில் பாதி சட்டையில் கொட்டியது.

"ஏனுங்க, சட்டையெல்லாம் நனஞ்சு போச்சுங்களே!"

"நனஞ்சா நனையட்டும் போ. தண்ணி எப்படிக் குளுகுளுன்னு இருக்குது பாரு. இதுல ஒண்ணு வாங்கோணும்."

வாங்கிவிட்டோம். ஜவுளிக்கடையின் பின்னறையில் எங்கள் இரண்டு பாய்களுக்கும் நடுவில் அது இருக்கிறது. கை எட்டியவர் எடுத்துக் குடிக்கிறோம். ஊருக்குக் கப்பல் ஏறும்போது அது யார் வீட்டுக்குப் போகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.