உரிக்காத தாளும் உறைந்துபோன அக்காவும்

பொதுமக்கள் கவனத்திற்கு: உதிரிபாகங்கள் வாங்கி நான் தனி ஆளாகப் பூட்டிய கம்ப்யூட்டர், இன்று காலை முதல் அரைமணிக்கொரு தடவை அசையாமல் நின்று மௌன அஞ்சலி செலுத்தி வந்தது.

அப்படி ஒரு தடவை நின்றபோது திரையில் இருந்தது அக்கா. ஆன்லைன் இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்த்தவள், திறந்த வாயோடு உறைந்துபோனாள்.

"நாலு மணிக்கு இன்டர்வியூ. அதுக்குள்ள சரியாகலேன்னா உன்ன கரமனை ஆத்துல தள்ளிருவேன், பாத்துக்கோ."

விண்டோஸை மறுபடி ஏற்றினேன். ராம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். "வைரஸ்தான், சந்தேகமே இல்ல" என்று டாக்டர் தோரணையில் அறிவித்தேன். அது மறுபடியும் நின்றது.

மூன்று மணிக்கு என் மலையாளிக் கூட்டாளி விஷ்ணு வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

"எடா, ஃபேன் சுத்துது, சூடு மட்டும் இறங்கலையே!"

பிராசஸர் மேலிருந்த கூலரைக் கழற்றினான். அதன் அடியில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தாள். 'பொருத்தும் முன் உரிக்கவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது.

"எந்தாடா இது?"

உரித்து, சூடு கடத்தும் பேஸ்ட் தடவி மாட்டினோம். அக்கா ஒரு மணிநேரம் உறையாமல் பேசி முடித்தாள். ஆறு தப்பித்தது, நானும்தான்.

இனி வாக்குமூலம். டிவி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையை மூன்று வருடமாக உரிக்காத அப்பாவை இதே பக்கத்தில் எத்தனை தடவை கலாய்த்திருக்கிறேன்! அப்பா இன்று திட்டவே இல்லை. அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு மாதிரியே இருக்கேடா" என்றார்.

தனி ஆளாகப் பூட்டினேன் என்றது பொய்யில்லை. தாளை உரிக்காமல் விட்டதும் தனி ஆளாகத்தான்.

உங்கள் வீட்டில் இன்னும் உரிக்காதது என்ன? சொல்லுங்கள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.