பூனைக்குட்டி மாதிரி இரு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் நாங்கள் குடும்பமாக இருந்தோம். மஸ்கட்டில் என் கணவருக்கு வெள்ளிதான் லீவு. அவர் அங்கே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். சின்ன காஞ்சிபுரத்தில் ஊரே தாயார் புறப்பாடு பார்க்கக் கோயிலுக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, நானும் மகளும் எதிர்த்திசையில் ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போவோம். பிளைவுட் தடுப்பு, ஒரு நாற்காலி, ஒரே ஒரு ஹெட்போன். மீதி வாரமெல்லாம் மாமனார் கட்டிய அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆரம்பத்தில் அந்த ஒரு மணி நேரமும் பெரும் சங்கடம். அவர் விமானம் ஏறியபோது அவளுக்கு நாலு வயது. இப்போது மூன்றாம் வகுப்பு. ஹெட்போனை மாட்டிவிட்டால், "ம்", "சாப்பிட்டேன்", "ம்" என்று அப்பாவை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் வேறு வழியில்லாமல், "நம்மாத்துப் பரண்ல பூனை குட்டி போட்டிருக்கு" என்றாள். கொலு பொம்மைப் பெட்டிக்குள், வைக்கோல் மேல், மூன்று குட்டிகள்.

அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை மனுஷர் பூனைப் பண்டிதராக வந்து உட்கார்ந்தார்! எங்கெங்கோ தேடி இங்கிலீஷில் பூனை பற்றிய பக்கங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்தப் பக்கத்தின் முகவரியை அவர் சொல்லச் சொல்ல அவள் எழுத்துக் கூட்டி அடிப்பாள். அங்கேயும் இங்கேயும் ஒரே பக்கம் திறக்கும். அவர் வரிவரியாகப் படித்து அர்த்தம் சொல்ல, அவள் எனக்குச் சொல்லுவாள். "பொறந்த குட்டிக்குக் காதே கேக்காதாம்மா." "பூனைக்கு மாட்டுப்பால் ஒத்துக்காதாம்மா." எங்காத்துப் பூனைக்குத் தயிர்சாதம் என்றால் உயிர், அதை அந்த வெள்ளைக்காரனுக்கு யார் போய்ச் சொல்வது?

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்காது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பூனைமேல் பொறாமையாகவும் இருந்தது, மறைப்பானேன். கடைக்கார அக்கா தடுப்பைத் தட்டி, "இன்னாமா, பூனை கிளாஸ் முடிஞ்சுதா? வெளிய ஆளு வெயிட் பண்ணிக்கினு இருக்குதுமா" என்று சொல்லும்போதுதான் ஹெட்போன் என் காதுக்கு வரும்.

"அப்புறம், வேற?" என்பார்.

"வேற ஒண்ணுமில்லை" என்பேன்.

எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எங்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். அதை நான் சொல்லவேயில்லை. கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தைதான் காரணம். "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பூனைக்குட்டி மாதிரி இரு. நானே வந்து தூக்கிண்டு போறேன்."

எங்கள் தெருவில் இது விளையாட்டுப் பேச்சில்லை. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போய்விடும். பெருமாளிடம் நாம் பூனைக்குட்டியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். குரங்குதான் சரி என்கிறவர்களும் அதே தெருவில் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். வாய் திறந்து கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். கோயிலில் மாமிகள், "எப்போடீ மஸ்கட்?" என்று கேட்டால், "அவர் சொல்லுவார் மாமி" என்பேன். ஆத்துக்கு வந்து இரண்டே இரண்டு தட்டு வைப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தாய்ப்பூனை இடம் மாற்றியது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பரணிலிருந்து குதித்து, கொல்லைச் சுவர் ஏறிப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போனது. திரும்பி வந்து இன்னொன்றை எடுத்துப் போனது. மூன்றாவதை எடுக்க வரவேயில்லை.

"நாம கொண்டுபோய் விடலாம்மா" என்று மகள் என்னைப் பிடுங்கி எடுத்தாள்.

"அதுக்குத் தெரியாதா? அதுவே வந்து தூக்கிண்டு போகும்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சாயங்காலம் வரை வரவில்லை. பிரவுசிங் சென்டரில் ஹெட்போனை மாட்டிய உடனே மகள் அப்பாவிடம் முறையிட்டாள். அவர் ஏதோ ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தார். அவள் கேட்டு எனக்குச் சொன்னாள்: "கத்தற குட்டியைத்தான் அம்மாப்பூனை தேடிண்டு வருமாம். குளிர்ல வெறச்சுப்போய் சும்மா கெடக்கறதை அப்படியே விட்டுட்டும் போயிடுமாம். ஒடனே சூடு குடுக்கணுமாம்!"

எனக்குப் பகீர் என்றது. குட்டிக்காக மட்டுமில்லை.

பாதி நேரத்திலேயே எழுந்து ஓடினோம். பரணில் அது ஈரத்துணி போல் கிடந்தது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி அதன் பக்கத்தில் வைத்து, பெட்டியைக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தது. அப்பா, என்ன குரல்! இத்தனூண்டு உடம்புக்குள் அத்தனை கத்தலா! தாய்ப்பூனை சுவரிலிருந்து ஒரே தாவலாகத் தாவி வந்து அதைக் கவ்விக்கொண்டு போயிற்று. மகள் குதித்தாள். நான் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க என்னால் நிலைகொள்ள முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, மகள் கதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை பொறுத்திருந்தேன். பிறகு, "கொஞ்சம் தள்ளிக்கோடி கண்ணு" என்றேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்ததால் வாயால் கேட்கக் கூச்சம். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன்.

"எங்களை எப்போ அழைச்சுண்டு போறேள்?"

திரையில் அவர் பதில் வந்தது.

"உனக்கு வர இஷ்டமா? போன வருஷம் கம்பெனியில ஃபேமிலிக்குன்னு வீடு குடுத்தா. நீ ஒரு தரம்கூட கேக்கலையே. ஊரையும் கோயிலையும் விட்டு வர மனசில்லைன்னு நெனச்சேன். வேற ஒருத்தருக்கு விட்டுக் குடுத்துட்டேன். இனிமே எப்போ கெடைக்கும்னு தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த கம்ப்யூட்டரை உடைத்திருப்பேன். நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று அடிக்க ஆரம்பித்து, விரல் ஓடாமல், எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் நான் கேட்டது வேறு.

"அந்த ஆத்துல எத்தனை ரூம்?"

"ரெண்டு. சமையல் ரூம்ல பெரிய ஜன்னல்."

நான் பார்த்தே இராத அந்த ஜன்னலுக்காக, அங்கேயே, அத்தனை பேர் நடுவில், கூச்சத்தை விட்டு அழுதேன்.