சீனாவுக்குப் போகப் பிள்ளையைப் பழக்கியது

எனக்குச் சீனாவில் இங்கிலீஷ் படிப்பிக்கிற வேலை கிடைத்தபோது நாரந்தனையில் ஒருவரும் நம்பவில்லை. லண்டன் என்றால் நம்புவார்கள். ஜேர்மனி என்றால் எந்த ஏஜென்சி மூலம் என்று கேட்பார்கள். சீனா என்றதும் சிரித்தார்கள். ஊர்காவற்றுறையில் என்னோடு படிப்பித்த கணக்கு வாத்தியார், சீனவெடி கொளுத்தத் தெரிந்தால் போதும், அங்கே இங்கிலீஷ் எதற்கு என்றார். பாம்பும் தவளையும் தின்ன வேண்டி வருமே, நீர் முட்டைகூடத் தொடாத ஆளாச்சே என்று கடைக்காரர் கவலைப்பட்டார். அவர் கவலை எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த நாட்களில் யார் கவலைப்பட்டாலும் எனக்கு எரிச்சல்தான்.

மனைவி இறந்து ஒரு வருடம், ஆட்டைத் திவசமும் முடிந்திருந்தது. எண்பத்து மூன்று கலவரம் கழிந்து நிலைமை மோசமாகிக்கொண்டு வந்த காலம். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது திடீரென்று அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. உடனே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஊரடங்கு. எங்கள் தீவை யாழ்ப்பாணத்தோடு இணைக்கிற பண்ணைப் பாலத்தில் வாகனத்தை விடவில்லை. பாதை திறந்தபோது அவசரமாகக் கொண்டுபோக வேண்டிய தேவை இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தீவில் இருக்க முடியவில்லை. வெளியே போக வேறு பாதையும் இல்லை. எங்கே போவதென்றாலும் பஸ் அந்தப் பாலத்தில்தான் ஏற வேண்டும். லண்டனில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். அங்கே போனால் அங்கேயும் வீடு தேடி வந்து துக்கம் விசாரிப்பார்கள். "ஐயோ பாவம்" என்று தமிழில் சொல்லத் தெரிந்த ஒரு சீவனும் இல்லாத இடத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். பேப்பரில் அந்த விளம்பரத்தைக் கண்டதும் விண்ணப்பித்தேன். சீனாவின் உட்பகுதியில் எங்கேயோ ஓர் ஆசிரியர் கல்லூரி. இரண்டு வருட ஒப்பந்தம். தனி ஆளுக்கு ஓர் அறை தருவார்கள். பிள்ளை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

எனக்கு நாலு வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள்.

வேலணையில் மனைவியின் தங்கை இருந்தா. மச்சாளுக்குக் கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லை. புருஷன் சவூதியில். தகப்பனை, அதாவது என் மாமாவை, வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தா. பிள்ளையைப் பொறுப்பெடுக்கிறீரோ என்று நான் கேட்டபோது அவ யோசிக்கவே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் சொன்னா.

"அத்தான், கடைசி நாளிலை கொண்டுவந்து விட்டிட்டுப் போனால் குழந்தை ஏங்கிப் போகும். இப்பவே கொண்டந்து விடுங்கோ. பழக்குவம்."

சரியென்றுதான் எனக்கும் பட்டது. எதையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவதுதானே வாத்தியார் புத்தி. பிள்ளையையும் ஆயத்தப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

நாள் பார்க்கிற வேலை மாமாவுடையது. ஓய்வுபெற்ற தபாலதிபர். வாக்கியப் பஞ்சாங்கத்தைத் தவிர வேறெதையும் நம்பாதவர். நான் புறப்பட வேண்டியது ஆவணியில். என் நட்சத்திரத்துக்கு ஆவணி முற்பகுதியில் ஒரு நல்ல நாளும் இல்லை என்றார். ஆடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வைகாசியில் மட்டும் ஒரு நாள் அருமையாக வந்திருக்கிறது. அதனால் பரஸ்தானம் வைப்போம் என்றார். பயணம் பிந்தினாலும் நல்ல நாளில் பெட்டியை மட்டும், போகிற திசையில் இருக்கிற ஒரு வீட்டுக்கு அனுப்பி வைப்பது. பெட்டி புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. நாரந்தனைக்குக் கிழக்கே வேலணை, அதற்கும் கிழக்கே யாழ்ப்பாணம், கொழும்பு, சீனா. எல்லாம் ஒரே திசை என்று மாமா விரலை நீட்டிக் காட்டினார். பரஸ்தானத்துக்கு இத்தனை நாளுக்குள் புறப்பட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதல்லவா என்று கேட்டேன். அது உள்ளூர்ப் பயணத்துக்கு, கடல் கடந்து போகிறவனுக்கு அந்தக் கணக்கில்லை என்று ஒரே போடாகப் போட்டார்.

பிள்ளையின் நட்சத்திரத்துக்கும் அந்த நாள் பொருந்தியது. பிறகென்ன, பெட்டியோடு பிள்ளையும் போவதென்று தீர்மானமாயிற்று. சைக்கிள் கரியரில் சூட்கேஸ், முன் பாரில் பிள்ளை. சூட்கேசுக்குள் ஒன்றுமில்லை, சாத்திரத்துக்கு ஒரு வேட்டியும் சால்வையும். பிள்ளை வழி முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். சின்னம்மா வீட்டில் இரண்டு நாள் நின்று விளையாடப் போகிறாய் என்று சொல்லியிருந்தேன்.

பெட்டியைச் சுவாமி அறைக்குள் வைத்துவிட்டு மாமா சட்டத்தைச் சொன்னார்.

"நல்ல நேரத்திலை படியிறங்கின பெட்டி, பயணம் முடியாமல் திரும்பப் படியேறக் கூடாது. பிள்ளையும் அப்பிடித்தான் தம்பி. இடையிலை நீர் வீட்டை கூட்டிக்கொண்டு போகப்படாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை என்ன சூட்கேசோ மாமா என்று கேட்டேன். சூட்கேசுக்குக் குடுக்கிற மரியாதையைப் பிள்ளைக்குக் குடுக்க வேண்டாமோ என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்த ஆளோடு பேசி வெல்ல முடியாது.

முதல் வாரம் அவள் அழுத அழுகையை மச்சாள் என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சாப்பிடுகிறாள், ஆனால் பின்னேரமானால் வாசல் படலையடியில் போய் நிற்கிறாள் என்று மட்டும் சொல்லியனுப்பினா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாங்கோ, அடிக்கடி வந்தால் மறக்காது என்றும் சொல்லியனுப்பினா. கன்றைப் பால் மறக்கப் பண்ணும்போது தாய்ப்பசுவை வேறு வளவில் கட்டுவது போலத்தான். நான் என் வளவில் கட்டுண்டு கிடந்தேன்.

என்னுடைய ஆயத்தமும் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய உடுப்பு விற்கிற இடத்தில் ஒரு தடித்த ஸ்வெற்றர் வாங்கினேன். அதைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் வெயிலுக்கு மயக்கம் வராத குறை. சீனப் பிள்ளைகளுக்கு முதல் நாள் என்ன சொல்லிப் பாடத்தைத் தொடங்குவது என்று வெறும் கதிரைகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முன்பென்றால் அந்தக் கதிரையில் என் மகள் இருந்திருப்பாள். பாடத்தை நிறுத்திவிட்டுக் கதிரைகளை அடுக்கி வைத்தேன்.

சமையலும் பழக வேண்டியிருந்தது. ஞாயிறுகளில் வேலணைக் குசினியில் மச்சாள்தான் குரு. மாவை எப்படி வறுப்பது, புட்டுக்கு எந்தப் பதத்தில் தண்ணீர் விடுவது, சம்பலுக்குப் புளி எவ்வளவு என்று சொல்லித் தந்தா. மகள் பலகைக்கட்டையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். என் புட்டு கல்லுக்கல்லாக வந்தால் கைகொட்டிச் சிரிப்பாள். முதல் ஞாயிறுகளில் நான் சைக்கிளைத் தொட்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஆனி நடுவில் கட்டிக்கொள்வது நின்றது, படலை வரை வந்தாள். ஆடியில் குசினிக்குள் இருந்தபடியே "அப்பா போயிட்டு வாங்கோ" என்றாள். கையில் ஏதோ விளையாட்டு.

எல்லாரும் கெட்டிக்காரி என்றார்கள். நானும் சொன்னேன்.

ஒரு நாள் ஞாயிறு வரை பொறுக்க ஏலாமல், பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை வேலணைப் பக்கம் விட்டேன். உள்ளே போகவில்லை. பனையோலை வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே மச்சாள் அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தா. நோகுது நோகுது என்று இவள் செல்லமாய்ச் சிணுங்கினாள். பிறகு எதற்கோ இருவரும் சிரித்தார்கள். என் மனைவிக்கும் அதே குரல்தான், அக்காவும் தங்கையும் ஒரே மாதிரிச் சிரிப்பார்கள். பிள்ளை அழுகிறாளோ என்று பார்க்கத்தான் வந்தேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். உண்மை என்னவென்றால், அவள் அழ வேண்டும் என்று ஆசைப்பட்டே வந்தேன். ஒரு தரம் அப்பா என்று அழுதிருந்தால் சீனாவும் மண்ணாங்கட்டியும் என்று படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருப்பேன். அவள் அழவில்லை. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஆவணியில் புறப்பட்டேன். வேலணை வீட்டில் இருந்துதான் புறப்பாடு. மச்சாளின் இடுப்பில் இருந்தபடி மகள் கையசைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆயத்தம் பலித்துவிட்டது. பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது நான்தான் சால்வையால் முகத்தைத் துடைத்தேன்.

யாழ்ப்பாணத்தோடு பயணம் நின்றது. தெற்கே எங்கேயோ சண்டை, ரயில் இல்லை, பாதை பூட்டு. ஒரு பழைய சினேகிதர் வீட்டில் காத்துக் கிடந்தேன். வேலணைக்குத் திரும்ப ஒரு பஸ் தூரம்தான். போகவில்லை. போனால் பழக்கியதெல்லாம் பாழ். பாதை திறந்து கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது சீனாவில் தவணை தொடங்கி, என் இடத்துக்கு வேறு ஆளை அனுப்பியிருந்தார்கள். ஆள் அனுப்புகிற கந்தோரில் இருந்த பெண் மிகவும் அன்பாகத்தான் சொன்னா. அடுத்த தவணைக்கு இடம் வரலாம், பொறுத்திருங்கள் என்றா. லொட்ஜில் பொறுத்திருந்தேன். கார்த்திகையும் போயிற்று, இடம் வரவில்லை. உள்ளதும் போச்சுதடா நொள்ளைக்கண்ணா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மார்கழியில் ஊருக்கு வெளிக்கிட்டேன். அப்போதுகூட வேலை போனதைத்தான் அப்படிச் சொன்னேன்.

உண்மையில் எனக்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வேலணைப் படலையைத் திறந்தபோது அவள் முற்றத்தில் நின்றாள். வளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை. மச்சாளின் சேலைக்குப் பக்கத்தில் போய் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, சீனா முடிஞ்சுதோ?"

முடிஞ்சுது என்றேன். மாமா பஞ்சாங்கம் ஒன்றும் பார்க்கவில்லை. பயணம் முடிந்ததுதானே, பிள்ளை இனி வீட்டுக்குப் போகலாம் என்றார். மச்சாள் பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து, உடுப்புகளை மடித்து ஒரு பையில் வைத்துத் தந்துவிட்டுக் குசினிக்குள் போனா. நாங்கள் வெளிக்கிடும்வரை வெளியே வரவில்லை.

நாரந்தனை வீட்டில் அவள் நல்ல பிள்ளையாக இருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை எங்கே கழற்றி வைப்பது என்று கேட்டாள். குடத்தைக் காட்டி, தண்ணி குடிக்கலாமோ என்று கேட்டாள். அவள் பிறந்த வீடு அது. நான் புட்டு அவித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை நன்றாகவே வந்தது. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்றாள். அந்நிய வீட்டில் அப்படி நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாங்கள்தானே சொல்லிக் கொடுப்போம். தட்டைத் தள்ளிவிட்டு, வேண்டாம் என்று கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

பொழுது படுகிற நேரம் பார்த்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி வாசலில் இருக்கிறாள்.

"அப்பா, இருட்டப் போகுது. எங்கடை வீட்டை போவமோ?"

இதுதான் பிள்ளை எங்கடை வீடு என்றேன். அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். கதிரைகளைப் பார்த்தாள், அலுமாரியைப் பார்த்தாள், சுவரில் மாலை போட்டிருந்த தாயின் படத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "ஓம்" என்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளைச் சைக்கிளில் ஏற்றினேன். வேலணைப் படலைக்குள் சைக்கிள் நிற்க முதலே குதித்து, "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அதுவரை சின்னம்மா என்றுதான் கூப்பிட்டவள். குசினியால் ஓடிவந்த மச்சாள், ஏதோ களவு பிடிபட்டது போல என்னைப் பார்த்தா. நான் சொல்லிக் குடுக்கேல்லை அத்தான், சத்தியமா என்றா. பிள்ளை அவவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"கூப்பிடட்டும் விடும்" என்றேன்.