பிராக்கில் அம்மா காணாமற்போன ஒரு மணித்தியாலம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது பிராக் நகரின் நட்டநடுவில் அம்மா காணாமல் போனார். ஒரு மணித்தியாலத்துக்கும் சற்றுக் கூடுதலான நேரம். அவர் எங்கே போயிருக்கிறார் என்பது அவ்வளவு நேரமும் எனக்குத் தெரியும்.

ஜெர்மனியில் இருக்கும் மாமாவின் மகளுக்குக் கலியாணம் என்று மெல்பேர்னிலிருந்து நாங்கள் மூன்று பேரும் போயிருந்தோம். அப்பாவுக்கு டண்டினொங்கில் ஒரு பொருட்கிடங்கில் வேலை. லீவு எடுத்து அவ்வளவு தூரம் போய் ஒரு கலியாண மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதா என்று கேட்டார். எங்கே போகலாம் என்ற பேச்சு வந்தபோது, எதற்கும் வாய் திறக்காத அம்மா பிராக் என்றார். அப்பா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வழிகாட்டி வேண்டாம், நாங்களே நடந்து பார்ப்போம் என்று அப்பா தன் கைப்பேசியில் ஒரு நடைச்சுற்றை இறக்கி வைத்திருந்தார். மொத்தம் பதினான்கு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அந்த இடத்தின் கதையைச் சொல்லும். வழி மாறினால் அதையும் சொல்லும். கைப்பேசியைப் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ரீச்சருக்கு இருக்கும் அதிகாரம் கிடைத்துவிட்டது போல நான் இருவரையும் விரட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அன்று காலை அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். மாமாவின் கையெழுத்தில் ஒரு தெருப்பெயரும் வீட்டு இலக்கமும் இருந்தன.

"இது எங்க கிடக்கு எண்டு ஒருக்கா பார். அப்பாவுக்குச் சொல்லாத."

பழைய சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடை. எந்தச் சந்தியில் திரும்புவது என்று அம்மா இரண்டு தரம் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார். அடுத்த கிழமை அப்பாவின் பிறந்தநாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது அப்பாவுக்குப் பரிசு வாங்கும் கடை.

ஆறாவது இடம் சதுக்கத்தின் பெரிய மணிக்கூடு. பதினொரு மணிக்கு அதன் சிறு கதவுகள் திறந்து பொம்மைகள் வரிசையாக வந்து போயின. கூட்டம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. நாங்கள் பார்வையை இறக்கியபோது அம்மா இல்லை.

கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று அப்பா முதலில் நினைத்தார். பத்து நிமிடம் நின்றோம். பிறகு சதுக்கத்தை இரண்டு தரம் சுற்றினோம். அம்மாவின் கைப்பேசியில் அந்த ஊர் சிம் இல்லை. அப்பா நடுச்சதுக்கத்தில் நின்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீட்டில் "இஞ்ச பாரும்" என்றுதான் கூப்பிடுவார்.

வந்த வழியே திரும்பிப் போனோம். ஐந்தாவது இடம், நாலாவது இடம். நாங்கள் பாதையை விட்டு விலகுவதாக அந்தப் பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அதை நிற்பாட்டும்படி அப்பா அதட்டினார். இப்போது வந்துவிடுவார், கையில் ஒரு பையோடு வந்துவிடுவார் என்று ஒவ்வொரு மூலையிலும் பார்த்தேன். சொல்லிவிட்டால் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும். சொல்லாமல் அப்பாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

ஆற்றோரம் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். அப்பா கலியாணப் படங்களில் அம்மாவைத் தேடிக் காட்டினார். அவசரத்தில் இரண்டு தரம் வேறு ஆட்களின் படங்கள் வந்தன. என்ன நிற உடுப்பு, கடைசியாக எங்கே கண்டீர்கள், சண்டை ஏதும் நடந்ததா என்று அவர்களில் இளையவர் ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இந்த நகரத்துக்கு அவர் முன்பு வந்திருக்கிறாரா என்று கேட்டபோது அப்பா கைப்பேசியை என்னிடம் திருப்பித் தந்தார்.

"யெஸ்," என்றார் பிறகு. "எங்கட கலியாணத்துக்கு முன்னம்."

அது எனக்குப் புதுச் செய்தி. அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பி, அந்த நடைபாதையிலேயே முழங்காலில் இருந்தார்.

"பிள்ளை, அம்மா உன்னட்ட ஏதும் சொன்னவவோ?"

"அது சப்ரைஸ் அப்பா. சொல்லக்கூடாது."

அவர் ஏசவில்லை. என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு," என்றார். நான் அழுதுகொண்டு கைப்பேசியில் அந்தத் தெருவைக் காட்டினேன்.

அப்பா பொலிஸ்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தார். சுற்றுலாப் பயணிகள் போகாத தெரு அது. நாலு மாடிக் கட்டடம், மஞ்சள் சுவர். நடைபாதையோடு ஒட்டி, கம்பி போட்ட ஒரு நிலவறை யன்னல். அதன் முன்னால் அம்மா குந்தியிருந்தார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது.

அப்பா கத்தப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் குந்தினார்.

"இதுவோ?"

"ஓம்."

தனியப் பார்க்கவேணும் போல இருந்தது என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நானும் அவர்களுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். உள்ளே சில சைக்கிள்களும் ஒரு உடுப்புத் தோய்க்கும் மெஷினும் இருந்தன. கடை மூடிப் போய்விட்டது, அதுதான் அம்மா அழுகிறார் என்று நினைத்து, பரவாயில்லை, ஒன்லைனில் வாங்கலாம் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறைக்குப் போவோமா என்று அப்பா கேட்டார். அம்மா எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டு, "இல்லை. மிச்சத்தையும் பாப்பம்," என்றார்.

இன்னும் எட்டு இடங்கள் இருந்தன. அம்மா முன்னால் நடந்தார். பாலத்துச் சிலைகளை, கோபுரங்களை, வீட்டுக் கூரைகளை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார். கோட்டை ஏற்றத்தில் எனக்குக் கால் நொந்தது. கட்டடங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தானே என்று சிணுங்கினேன். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவர் என்னைப் பதினான்காவது இடம் வரைக்கும் நடத்திவிட்டார்.

ஒன்பது வருடங்கள் கழித்து, மெல்பேர்னில் கிரான்பர்ன் ரயில் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில், கார் எஞ்சினை நிறுத்தாமலே அம்மா எனக்கு அதைச் சொன்னார். பத்தொன்பது வயதில் ஊரிலிருந்து ஜெர்மனிக்கு மாமாவிடம் போகப் புறப்பட்டவரை, வேறு ஆறு பெண்களோடு ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்ட் அந்த நிலவறையில் நாலு மாதம் வைத்திருந்தானாம். வெளியே போகக்கூடாது, சத்தம் வரக்கூடாது. அந்த யன்னலில் தெரிந்ததெல்லாம் நடந்து போகிறவர்களின் கால்கள். அவருக்குப் பக்கத்தில் படுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாகி, டொக்டரிடம் காட்டுவதாக ஒரு காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை. என்ன ஆனாள் என்று இன்றைக்கும் தெரியாது. மற்றவர்கள் ஒரு மூடிய வான் வண்டியில் எல்லை வரை போய், பிடிபட்டு, சொந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாலு மாதம் இருந்த ஊரில் ஒரு கூரையைக்கூட அம்மா கண்டதில்லை.

பிராக்கில் அன்று பின்னேரம் அறைக்குத் திரும்பியதும், அம்மாவுக்கு என்னில் இரக்கமே இல்லை என்று அப்பாவிடம் முறையிட்டேன். அவர் என் கால்களை மடியில் வைத்துப் பிடித்துவிட்டபடி, முழுவதையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.